மாவு மில்லைக் காட்டும் அம்பு

கண்ணு,

நீ முதல் தடவையா பேட்டரி செல் மாத்துற எடத்துல இந்தக் காகிதம் உன் கைக்குக் கெடைக்கும். பென்சில் செல்லைச் சுத்தி இதை மடிச்சு, மேல பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்டால கட்டி வெச்சிருக்கறேன். மழை வந்தாலும் நனையாது. நீ எங்க உக்காந்து படிக்கறயோ தெரியல. வெயில்ல நின்னுட்டு இருந்தீன்னா மொதல்ல நெழலுக்குப் போ. நான் நாலாவது வரைக்கும் படிச்ச தமிழ் இது. நீ கன்னடப் பள்ளிக்கூடத்துல படிச்சவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பே. எனக்கு எழுத நேரம் புடிக்குது, உனக்குப் படிக்க நேரம் புடிக்கும். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. அவசரப்படாம படி.

நேர்ல சொல்லியிருக்கலாம்தான். இப்ப நீ சக்கரத்துல கோட்டம் எடுக்க சைக்கிள் கடைக்குப் போயிருக்கறே. வந்ததும் நான் வாயைத் தொறந்தா அழுகைதான் வரும். அப்புறம் நீ "சரிம்மா, நான் போகல"ன்னு சொல்லிருவே. எனக்கு அது வேண்டாம். அதனாலதான் எழுதறேன். நான் துக்கத்துல இருக்கறேன், நெசம். ஆனா கஷ்டத்துல இல்ல. ரெண்டும் ஒண்ணில்லைன்னு உங்கப்பா போன இந்த எட்டு மாசத்துல தெரிஞ்சுக்கிட்டேன். சோறு எறங்குது, தூக்கம் வருது, தெருக்கோடி மாவு மில்லுக்காரம்மா ஏதாவது சொன்னா சிரிப்பும் வருது. சிரிச்சு முடிச்ச பொறவு அவர் ஞாபகம் வருது. வந்துட்டுப் போகட்டும், எங்க போவாரு.

நீ இப்படி சைக்கிள்ல கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வரணும்னு உங்கப்பா இருக்கும்போதே சொன்னே. யாரும் மறந்துறல. அன்னிக்கு அவரு வேலைக்குப் போயிட்டு வந்து, முழங்கால்ல ஒட்டியிருந்த சிமெண்டைக் கழுவிட்டு இருந்தாரு. ஊர் பூராவும் அடுத்தவங்க வீட்டுக்கு மொசைக் தரை போட்ட மனுசன், நம்ம வீட்டுக்குச் சிமெண்டுத் தரைதான் போட்டாரு. நீ சொன்னதைக் கேட்டுட்டு, "போயிட்டு வாடா. ஆனா ஒண்ணு, வழி கேட்டுக் கேட்டுப் போவோணும். தெரிஞ்ச வழியா இருந்தாலும் கேளு"ன்னாரு. நீ சிரிச்சே. "தெரிஞ்ச வழியை எதுக்குப்பா கேக்கறது?"ன்னே. என்னைப் பாத்துட்டு அவரும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எதுக்குன்னு உனக்குத் தெரியாது. கடைசியில சொல்றேன்.

அப்புறம் அவரு போயிட்டாரு. யாரோ ஒருத்தர் வீட்டு ஹாலுல, பாதித் தரை போட்டு வெச்சுட்டு, சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கல. நீயே கொள்ளி வெச்சே. அதோட உன் பயணப் பேச்சு நின்னு போச்சுன்னு நெனைச்சேன். போன மாசம் நீ அந்த ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கிட்டு வந்து சமையக்கட்டுல வெச்சப்பதான் நிக்கலைன்னு புரிஞ்சுச்சு. உன்கூட வேலை செய்யற பையனோட அண்ணன் அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்திருக்காரு, எது வேணும்னு தெரியாம ரெண்டு கொண்டுவந்துட்டாரு, ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பிக் கொடுக்கோணும்னே. ஜிபிஎஸ்ஸுன்னு பேர் சொன்னே. எனக்கு அது வாயில நொழையல, டப்பான்னே சொல்லிக்கறேன்.

பெருசு ஒண்ணு, தலையில கொம்பு வெச்சது, உள்ள மேப்பு இருக்கற ரகம். சின்னது ஒண்ணு, கறுப்பா தட்டையா, சோப்பு டப்பா மாதிரி. அதுல மேப்பு கெடையாது, ஒரு அம்பும் நாலஞ்சு நம்பரும் மட்டும். உன் கண்ணெல்லாம் பெருசு மேலதான். எனக்குத் தெரியாதா, சின்ன வயசுல ஜாத்திரைக் கடையில எது பெருசோ அதைத்தான் கேப்பே. "மேப்பு இருக்குதும்மா, எங்க இருக்கறோம்னு படமே காட்டும்"னே. சரி, மைசூரைக் காட்டுன்னேன். நீ பட்டனை அழுத்தி அழுத்திப் பாத்தே. அமெரிக்காவுல இருக்கற ரோடு, ஏரி, ஊரு எல்லாம் நூல் நூலா வந்துச்சு. நம்ம பக்கம் வந்ததும் வெறும் வெள்ளை. நடுவுல ஒரு சின்னப் புள்ளி. "இந்தப் புள்ளிதான் நாம"ன்னே. "சுத்தியும் ஒண்ணுமே இல்லையே கண்ணு"ன்னேன். "நம்ம ஊரை இன்னும் அவங்க போடலம்மா"ன்னே, நீயே போடாம விட்ட மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு. எனக்கு அப்பவே முடிவாயிருச்சு. ஆனா சொல்லல. உனக்கா தெரியட்டும்னு இருந்தேன்.

அதுக்குள்ள உன் பெரியப்பா வந்து சேந்தாரு. கொள்ளேகாலத்துல இருந்து பஸ் ஏறி வந்தவரு, செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டாரு. "கொள்ளி வெச்சவன் வருசம் திரும்பறதுக்குள்ள மலை ஏறலாமாடா? ஊரு உலகத்துல கேட்டுப்பாரு. உங்கம்மாளுக்குத்தான் தெரியல, உனக்குமா?" நம்ம வழக்கம் அதுதான், நான் இல்லைங்கல. அப்ப நீ சொன்னே பாரு ஒரு பதில், அதை மில்லுக்காரம்மாகிட்ட இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கறேன். "பெரியப்பா, மைசூரே மலை மேலதான இருக்குது? சாம்ராஜ்நகர் தாண்டித் திம்பத்துல எறங்கினா சத்தியமங்கலம். நான் ஏறப் போகல, எறங்கப் போறேன்." சொல்லிட்டு அந்தப் பெரிய டப்பாவை வாசல்ல வெச்சு, நாம எவ்வளவு ஒசரத்துல இருக்கறோம்னு நம்பர் காட்டினே. அவரு கண்ணைச் சுருக்கிப் பாத்தாரு. கொஞ்ச நேரத்துல நம்பர் மாறிருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. "உன்ற டப்பாவுக்கே ஒசரம் எவ்வளவுன்னு ஒரு முடிவில்ல. அதை நம்பி நீ எறங்கறியா?"ன்னு கேட்டாரு. அப்புறம் அவரே யோசிச்சு, "சரி, எறங்கிட்டே. வருசத் தெவசத்துக்கு வந்து நிக்கோணுமே, அப்ப ஏறித்தானே ஆவோணும்?"ன்னாரு. நான்தான் உள்ள இருந்து சொன்னேன், "சத்தியமங்கலத்துல சைக்கிளை பஸ் மேல போட்டுக்கிட்டு வரட்டுங்க மாமா. பஸ் ஏறினா அது பஸ்ஸோட பாடு"ன்னு. பெரியப்பா என்னையே பாத்தாரு. தம்பி போனதுல இருந்து நம்ம வீட்டுல நான் எதுத்துப் பேசி அவரு கேட்டதில்ல. "காப்பி போடு"ன்னாரு. அது சரின்னு சொன்ன மாதிரிதான். ஆனா கிளம்பும்போது வாசல்ல நின்னு எங்கிட்ட மட்டும் மெதுவாச் சொன்னாரு, "ஒத்தைப் பையன். காட்டு வழி. நீ யோசிச்சுக்கோ." அவரு வழக்கத்துக்காக மட்டும் வரல, பயந்துதான் வந்திருக்காரு. அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கிச்சு.

அதுக்குத்தான் நான் ஒரு கண்டிசன் போட்டேன். நானும் கூட வந்து பாப்பேன், எனக்குப் புரியற டப்பாவைத்தான் நீ கொண்டு போவோணும், இல்லைன்னா போகவே வேண்டாம்னு. நீ மூஞ்சியைத் தூக்கிக்கிட்டே. உன் கியர் சைக்கிள்ல கேரியர் இல்ல. உங்கப்பா சைக்கிளை, அவரு போன பொறவு அன்னிக்குத்தான் வெளிய எடுத்தோம். காத்து அடிச்சே, தொடைச்சே. நான் கேரியர்ல உக்காந்து ஒரு கையில பெருசு, ஒரு கையில சின்னது, ரெண்டையும் வானத்தைப் பாக்கப் புடிச்சுக்கிட்டேன். மில்லுக்காரம்மா கையைத் தட்டிச் சிரிச்சா. "எல்லிகே அக்கா, எங்க பயணம், ஆரத்தி எடுக்கவா?"ன்னா. நஞ்சன்கூடு ரோட்டுல கடகோளா வரைக்கும் போயிட்டு வர்றதா ஏற்பாடு.

அந்தப் பயணத்துல நான் தெரிஞ்சுக்கிட்டது நெறைய. டப்பா ரெண்டும் மேல சுத்தற எதையோ பாத்துத்தான் வழி சொல்லுது, வானம் தெரியாட்டி அதுகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னே. பெரிய மரத்துக்கு அடியில போனா ரெண்டும் திருதிருன்னு முழிச்சுச்சு. வெளிய வந்தா சின்னது சீக்கிரமா தேறிக்கிச்சு, பெருசு யோசிச்சுக்கிட்டே வந்துச்சு. வெயில்ல பெருசோட படம் தெரியவே இல்ல, நான் முந்தானையில மறைச்சுப் பாத்தேன். பாதி வழியில பெருசுக்குச் செல் தீந்து போச்சு. காலையிலதான் புதுசு போட்டே. அதுக்கு ஒரு வேளைக்கு ஒரு கை செல் வேணும்போல. சின்னதுக்கு அந்தப் பசி இல்ல. நீ வேகமா மிதிச்சே. முதுகைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுச்சு, மனசு சாயுதுன்னு. ஆனா இன்னும் விடல. "அம்மா, செல் எங்கயும் கெடைக்கும்"னே.

முடிச்சு வெச்சது அந்தப் போலீஸ்காரருதான். ரோட்டோரம் நின்னுட்டு இருந்தவரு கையைக் காட்டினாரு. நீ நிறுத்தினே. நான் கொம்பு வெச்சதைக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன், நல்லாத்தான் இருந்திருக்கும் பாக்க. "ஏனம்மா அது, வயர்லெஸ்ஸா?"ன்னு கேட்டாரு. வாயில வந்ததைச் சொன்னேன், "ரேடியோ சார்"னு. அவரு விடல. "ரேடியோவா? ஒந்து ஹாடு ஹாக்கம்மா, நோடோணா"ன்னாரு. ஒரு பாட்டு போடு பாக்கலாம்னா நான் எங்க போறது? நான் பட்டனை அழுத்தறேன், செல் இல்லாத டப்பா எப்படிப் பாடும். நீ திரும்பிப் பாத்து, "அம்மா!"ன்னே பாரு, அந்த அம்மாவுல இருந்த கோபம் இருக்கே. அப்புறம் நீ கன்னடத்துல பொறுமையா எல்லாம் சொன்னே, வானம், அம்பு, கன்னியாகுமரி. அவரு நல்ல மனுசன். கேட்டுட்டு, "நம் மனெ தோர்ஸத்தா?"ன்னாரு, அவரு வீட்டைக் காட்டுமான்னு. காட்டாதுன்னே. "மத்தே யாதக்கப்பா இது!"ன்னு கையை ஆட்டிட்டு அனுப்பிட்டாரு. அவரு வீட்டைக் காட்டாத டப்பா எதுக்குன்னு கேட்டாரு, நியாயம்தானே. என்னோட இன்னொரு கையில இருந்த சின்னதை அவரு கண்டுக்கவே இல்ல.

அவரு நம்மளை அனுப்பறதுக்கு முன்னால "யாவூரு?"ன்னு கேட்டாரே, மைசூருன்னு சொன்னேன். கோபிநத்தம்னு சொல்லல. நான் பொறந்து வளந்த ஊருதான். காவேரித் தண்ணி குடிச்சு வளந்தவ. ஆனா இப்ப அந்தப் பேரைச் சொன்னா காட்டுப் பக்கம் சந்தனக் கட்டை கடத்தறவனைப் போலீஸ் தேடறதெல்லாம் ஞாபகம் வந்து மேலயும் கீழயும் பாக்கறாங்க. நீ போற வழியும் அந்தக் காட்டு ஓரம்தான். செக்போஸ்ட்டுல நிறுத்துவாங்க. கொம்பு வெச்ச டப்பாவோட, அம்மா கோபிநத்தம்னு சொல்ற ஒரு பையன் நின்னா என்ன கேப்பாங்கன்னு நீயே யோசிச்சுப் பாரு. திரும்பி வர்ற வழியில நான் இதைச் சொன்னேன். நீ கொஞ்ச தூரம் மிதிச்சே. அப்புறம், "சின்னதே இருக்கட்டும்மா"ன்னே. நான் கேரியர்ல உக்காந்துக்கிட்டே உன் சட்டையைப் புடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசல்ல நின்னு சின்னதுல வீட்டைக் குறிச்சே. எங்க போனாலும் இந்த எடத்தைப் பாத்து அம்பு திரும்பும், எவ்வளவு தூரம்னும் சொல்லும்னே. எனக்கு அது ஒண்ணு போதும். படம் வேண்டாம், ரோடு வேண்டாம், வீடு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா பாக்கியைப் பாத்துக்கலாம். அப்ப நீ கேட்டே, "வீட்டுக்கு ஒரு பேர் வெக்கோணும்மா, என்ன போடட்டும்?" நீ என் பேரைப் போடறேன்னே. வேண்டாம்னு தலையாட்டினேன். எந்தப் பேருன்னு கேட்டே. நான் எப்படிச் சொல்றது? கல்யாணம் ஆனதுல இருந்து அவர் பேரை நான் வாயால சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கறவங்கதான் சொல்லுவாங்க. சாவுச் சீட்டு வாங்கற எடத்துலயும் நீதான் சொன்னே. நான் சைக்கிளைக் காட்டினேன். செயின் கவர் மேல, அவரே பெயிண்டு வாங்கி எழுதினது. நீ குனிஞ்சு அதைத் தொடைச்சே. தொடைச்சுட்டு ரொம்ப நேரம் நிமிரல. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா அழுத்தினே. முழுப் பேரு அதுல புடிக்கல, கடைசி எழுத்தெல்லாம் வெளிய நின்னு போச்சுன்னே. பரவாயில்ல, அவரைச் சைட்டுல அப்படித்தான் பாதியாக் கூப்பிடுவாங்க.

மறுநாள் காலையில நீ டப்பாவை வாசல்ல வெச்சுப் பாத்துட்டுக் கத்தினே. நாம வாசல்லயே நிக்கறோம், அம்பு தெருக்கோடி மாவு மில்லைக் காட்டுது! அமெரிக்காக்காரங்க வேணும்னேதான் கொஞ்சம் தள்ளிக் காட்டற மாதிரி வெச்சிருக்காங்கன்னு நீ சொன்னே. அவங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு எனக்குப் புரியல. ஒரு நாள் மில்லு, ஒரு நாள் அடுத்த தெரு சினிமா டாக்கீஸு, ஒரு நாள் யாரோட மாட்டுக் கொட்டகையோ. நீ திரும்பத் திரும்பக் குறிச்சுப் பாத்தே. வீடு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதேன்னு உனக்கு வருத்தம். கடைசியில மில்லோட விட்டுட்டே. நான் சொல்றேன் கேளு. மில்லு வரைக்கும் அது கொண்டுவந்து விட்டாப் போதும் கண்ணு. அதுக்கு மேல டப்பாகிட்ட நாம எதிர்பாக்கறது தப்பு.

வழியில நல்லாச் சாப்பிடு. தண்ணி குடிக்கறதுக்குக் கூச்சப்படாதே. எஸ்டிடி பூத்தைப் பாத்தா மில்லு நம்பருக்குப் போடு, அவ ஓடிவந்து கூப்பிடுவா. டப்பா சரியான வழியைக் காட்டினாலும் டீக்கடையில நிறுத்தி ஒரு தடவை கேளு. சிலரு தப்பாத்தான் சொல்லுவாங்க, கைய வீசி அவ்வளவு தைரியமாச் சொல்லுவாங்க. கேட்டுக்கோ. நீ எந்தப் பக்கம் போனேன்னு சொல்றதுக்கு அந்த ஊருல ஒரு ஆளு இருப்பாங்கல்ல.

இப்ப அந்தச் சிரிப்பைச் சொல்றேன். கல்யாணம் முடிஞ்சு உங்கப்பா என்னை மைசூருக்குக் கூட்டிக்கிட்டு வந்தாரு. பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து வந்தோம். நம்ம தெருக்கோடி வந்ததும் நின்னுட்டாரு. அப்பவும் அங்க மில்லு இருந்துச்சு. இப்ப இருக்கறவளோட மாமனாரு வாசல்ல உக்காந்திருந்தாரு. உங்கப்பா அவருகிட்டப் போயி, தன் பேரையே சொல்லி, அவரு வீடு எங்க இருக்குதுங்கன்னு கேட்டாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. கட்டிக்கிட்ட மனுசனுக்குத் தன் வீடே தெரியலையேன்னு. அந்தப் பெரியவரு ஒரு நிமிசம் முழிச்சுட்டு என்னைப் பாத்தாரு, சிரிச்சாரு, அப்புறம் தெருவே கேக்கற மாதிரி உங்கப்பா பேரைச் சொல்லி, "அவன் வீடா? அந்தா நாலாவது வீடு! பொண்டாட்டி வந்திருக்காளா?"ன்னு கத்தினாரு. வீட்டுக்கு வீடு கதவு தொறந்துச்சு. என்னை எல்லாரும் பாக்கோணும்னுதான் வழி கேட்டிருக்காரு. தெரிஞ்ச வழியை எதுக்குக் கேக்கறதுன்னா, அதுக்குத்தான்.

இப்ப இந்தத் தெருவுல அவர் பேரை யாரும் சொல்றதில்ல. என் மனசு நோகும்னு எனக்கு முன்னால சொல்ல மாட்டேங்கறாங்க. நல்ல மனசுலதான் செய்யறாங்க. எனக்கு வாய் வராது. நீ அப்பான்னுதான் சொல்லுவே. அதனால ஒரு வேலை செய் கண்ணு. எல்லாம் பாத்து முடிச்சு, பஸ்ஸுல ஏறி, சைக்கிளை எறக்கி, அம்பு காட்டற எடத்துக்கு வந்து சேரும்போது, நேரா வீட்டுக்கு வராதே. மில்லுகிட்ட நின்னு, அவர் பேரை முழுசாச் சொல்லி, அவரு வீடு எதுன்னு சத்தமாக் கேளு. யாராவது வழி சொல்லட்டும். நான் உள்ளதான் இருப்பேன், கேட்டுக்கிட்டு இருப்பேன்.

செல்லு போட்டாச்சான்னு பாத்துக்கோ. தீந்ததை ரோட்டுல போட்டுறாதே.

அம்மா